அம்மா தடங்காமல் பாடிய பாட்டு

செஞ்சு தாரேன் அக்கா. மாட்டேன்னு சொல்லல. காப்பியைக் குடிங்க முதல்ல, ஆறிப் போவுது. பென் டிரைவை அந்த மேசை மேல வைங்க. அப்பாவுக்கு எம்பது வயசு நிறையுது, ஹால்ல பாட்டோட போட்டோ ஓடணும், அவ்வளவுதானே. எத்தனை போட்டோ இருக்கு? முந்நூறா? முந்நூறையும் ஓட்டுனா வந்த சனம் பாதியிலேயே பந்திக்கு எந்திரிச்சுப் போயிரும். ஒரு பாட்டுக்கு அறுபது போதும்.

என்னைப் பத்தி யாரு சொன்னா உங்களுக்கு?

பொன்மலர் மதினியா.

என்ன சொன்னாவ? "பாளையங்கோட்டையில எங்க நாத்தனா இருக்கா, அவள மாதிரி யாரும் செய்ய முடியாது"ன்னாவளா? அப்படியேவா சொன்னாவ?

ஒண்ணும் இல்லக்கா. அவிய அப்படித்தான் சொல்லுவாவ. ரெண்டு வருஷமா நான் யாருக்கும் இதைச் செஞ்சு கொடுக்கல. ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்குக் கேட்டப்பவே கண்ணு வலின்னு சொல்லித் தப்பிச்சுட்டேன். நீங்க மதினி அனுப்பி வந்திருக்கீங்க. அதனால இல்லன்னு சொல்ல வாய் வரல. ஆனா ஒரு விஷயம் சொல்லுதேன், கேட்டுட்டு என்கிட்ட கொடுக்கணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

நீங்க நாசரேத்துல மதினி தெருவுக்கு வந்து ஒரு வருஷம்தான்னு சொல்லுதீங்க. அப்போ எங்க அம்மாவை உங்களுக்குத் தெரியாது. ஞானசுந்தரின்னு பேரு. கோயில் பாடகர் குழுவுல முப்பது வருஷம் பாடுனாவ. அப்பா போன பிறகு அண்ணன் வீட்டுலதான் இருந்தாவ. அண்ணன் மஸ்கட்டுல, வருஷத்துக்கு ஒரு மாசம் வருவான். வீட்டுல மதினியும் அம்மாவும் மட்டும்தான்.

கடைசி ஆறு வருஷம் அம்மாவுக்கு மறதி. முதல்ல அடுப்பை அணைக்க மறந்தாவ. அப்புறம் ஆள் பேரு, அப்புறம் ஆளே. கடைசி மூணு வருஷம் படுக்கையில. குளிப்பாட்டுறது, சாப்பாடு கொடுக்கறது, துணி மாத்துறது எல்லாம் மதினிதான். நானும் சும்மா இருக்கலக்கா. மாசம் ஒரு தடவை போயிருவேன். மாசம் ஒண்ணுன்னா, பரீட்சை மாசம், பேப்பர் திருத்துற மாசம், மழை இதெல்லாம் கழிச்சுத்தான். பஸ்ல ஒண்ணரை மணி நேரம் ஆவுதுல்லா. வெறுங்கையோட போனதே இல்ல. போகும்போதெல்லாம் அல்வா வாங்கிட்டுப் போவேன். மதினி வாங்கி உள்ள வச்சிருவாவ. அம்மாவுக்குச் சுகர் இருந்துச்சு. அது என்னவோ எனக்கு ஞாபகமே இருக்காது.

அம்மா என்னைப் பாத்ததும் எந்திரிச்சு உக்காரப் பாப்பாவ. மரியாதைக்கு. "வாங்க டீச்சர், சாப்பிட்டீங்களா டீச்சர்"னு கேப்பாவ. என் கைப்பையையும் சேலையையும் பாத்துட்டு ஸ்கூல்ல இருந்து யாரோ வந்திருக்காவன்னு நினைப்பு. ஒரு பக்கம் சிரிப்பா இருக்கும். நான் டீச்சர்தானே. "நான் சுகிர்தாம்மா"ன்னு ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாப்பேன். "சந்தோஷம் டீச்சர்"னு சொல்லிருவாவ.

மதினி தினமும் காலையில பத்து மணிக்கு ஒரு போட்டோ அனுப்புவாவ. எனக்கும் அண்ணனுக்கும். "அத்தை குளிச்சாச்சு"ன்னு ஒரு வரி, கீழ போட்டோ. தலை சீவி, பவுடர் போட்டு, சட்டையும் சேலையும் சரியா இருக்கும். ஆறு வருஷத்துல ஒரு நாள் தப்புனதில்ல. நான் அப்போ ரெண்டாம் பீரியட்ல இருப்பேன். பாத்துட்டு ஒரு கைகூப்புற படத்தைத் தட்டி விட்டுருவேன்.

அம்மா போயிட்டாவ. முதல் வருஷ நினைவுக் கூட்டத்துக்கு அண்ணன் லீவு போட்டு வந்தான். போன்ல கேட்டான். "நீ ஸ்கூல்ல செய்வியே சுகி, போட்டோ ஓட ஓட பாட்டு வருமே, அதை அம்மாவுக்குச் செய்யேன்." எனக்கு அது ஒரு பாரமாவே தெரியல. உண்மையைச் சொன்னா, சந்தோஷமா இருந்துச்சு. அம்மாவுக்கு நான் ஒண்ணும் செய்யலன்னு யாரும் சொல்லிரக் கூடாதுல்லா.

என்ன பாட்டு போடலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப மதினி ஒண்ணு அனுப்புனாவ. "இது உதவுமான்னு பாரு சுகிர்தா"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. அம்மா பாடுனது. போறதுக்கு நாலு மாசம் முன்னாடி, மதினி போன்ல பதிஞ்சது. அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச கீர்த்தனை, நாலு நிமிஷம் பத்து செகண்ட். குரல் இளைச்சுப் போயிருந்துச்சு, ஆனா சுருதி விலகல. கேட்டு நான் ஓன்னு அழுதுட்டேன்.

ஆனா பாட்டு முழுசா இல்ல. ஒரு வரி பாடுவாவ, அடுத்த வரி மறந்து போவும். அந்த இடத்துல மதினி எடுத்துக் கொடுப்பாவ. "'தாகத்தில்' அத்தை." உடனே அம்மா பிடிச்சுக்கிடுவாவ. மறுபடி ஒரு வரி, மறுபடி நிப்பாட்டம். "'நிழலாய்' அத்தை, 'நிழலாய்'." இப்படிப் பதினோரு இடம். நான் எண்ணுனேன்.

இந்த வேலை எப்படின்னு உங்களுக்குச் சொல்லணும். பாட்டைக் கம்ப்யூட்டர்ல போட்டா கோடு கோடாத் தெரியும். சத்தம் ஏறுற இடத்துல மேடு, இறங்குற இடத்துல பள்ளம். சில பேர் என்ன செய்வாவ, நாலு செகண்டுக்கு ஒரு போட்டோன்னு வரிசையா அடுக்கி விட்டுருவாவ. பாட்டு ஒரு பக்கம் போவும், படம் ஒரு பக்கம் போவும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். குரல் எந்திரிக்கிற இடத்துல படம் மாறணும். கால் செகண்ட் பிந்தினாக் கூட பாக்கறவங்களுக்கு ஏதோ உறுத்தும், என்னன்னு சொல்லத் தெரியாது. அந்த மேட்டுல சரியா வந்து உக்காந்துச்சுன்னா, தெரியாத ஆளோட போட்டோவைப் பாத்துக்கூட அழுதுருவாவ.

மூணு நாள் லீவு போட்டேன். மதினி அனுப்புன ரெண்டாயிரம் போட்டோவுல இருந்து அறுபது எடுத்தேன். நல்ல போட்டோ ஒவ்வொண்ணுலயும் ஏதாவது இடைஞ்சல். ஒண்ணுல கரண்டி பிடிச்ச கை. ஒண்ணுல அம்மா முதுகைத் தாங்கின கை. பீரோ கண்ணாடியில மதினி நைட்டியோட நிக்காவ, போன் முகத்தை மறைக்குது. எல்லாத்தையும் வெட்டி ஒதுக்குனேன். அழகுக்காகத்தான். ஸ்கிரீன்ல பெருசாத் தெரியும்போது யாரோ ஒருத்தர் கை மட்டும் வந்தா நல்லாவா இருக்கும்? நானும் அம்மாவும் இருக்கறது நாலே நாலுதான் போட்டேன். கடைசிப் போட்டோ, நான் அம்மா கன்னத்தோட கன்னம் வச்சிருக்கறது. அதுவும் மதினி எடுத்ததுதான்.

அந்தப் பதினோரு இடத்துலயும் மதினி குரலை எடுத்துட்டேன். இடத்தைக் குறைக்கல, குறைச்சா தாளம் போயிரும். எங்க ஸ்கூல் மியூசிக் சார் வாசிச்ச கீபோர்டு கொஞ்சம் இருந்துச்சு, அதை அந்த இடத்துக்கெல்லாம் அளந்து வச்சேன். கேட்டா அம்மா ஒரு வரி பாடிட்டு, இசைக்காகக் காத்திருந்து, அடுத்த வரி பாடுற மாதிரி இருக்கும். ரேடியோவுல பாடுற மாதிரி. எனக்கே பெருமையா இருந்துச்சு.

கூட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு, கோயில் ஹால்ல. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்குனோம். நான் லேப்டாப்போட முன்னால ஓரமா நின்னேன், சனத்தைப் பாத்த மாதிரி. ஸ்கிரீனை நான் பாக்க வேண்டியதே இல்ல, மனப்பாடம். எந்த இடத்துல அழுவாவன்னு பாக்கத்தான் அங்கன நின்னேன்.

அழுதாவ. ரெண்டாவது நிமிஷத்துலயே சித்தி முந்தானையை எடுத்துட்டாவ. அண்ணன் குனிஞ்சுட்டான். அம்மாவோட பாடுன பழைய ஆளுங்க அப்படியே விக்கித்துப் போய் உக்காந்திருந்தாவ.

மதினி வாசல் பக்கம் பெஞ்சு ஓரத்துல இருந்தாவ. கூட்டம் முடிஞ்சதும் டீயும் கேக்கும் கொடுக்கணும்லா, அதுக்கு வசதியா. அவிய அழல. ஸ்கிரீன் வெளிச்சம் முகத்துல விழுந்துச்சு. உதடு அசைஞ்சுது.

முதல்ல ஜெபம் பண்ணுதாவன்னு நினைச்சேன். அப்புறம்தான் கவனிச்சேன். அம்மா பாடும்போது உதடு அசையல. அம்மா நிப்பாட்டுன இடத்துல, நான் கீபோர்டு வச்ச இடத்துல, அப்போதான் அசையுது. "தாகத்தில் அத்தை." சத்தம் இல்ல. ஸ்கிரீனை நிமிந்து பாத்துக்கிட்டு, அம்மா அடுத்த வரிக்கு வந்துட்டாவளான்னு பாத்துக்கிட்டு, வந்ததும் நிம்மதியா மூடிக்கிடுதாவ. மறுபடி அடுத்த இடம். எடுத்துக் கொடுக்கலன்னா அத்தை எங்க தடங்கி நின்னுருவாவளோன்னு பயப்படுத மாதிரி. நான் மூணு நாள் உக்காந்து கால் செகண்ட் கால் செகண்டா நகத்தி வச்ச இடம் ஒவ்வொண்ணுலயும் அந்த வாய் தப்பாம அசைஞ்சுது.

பாட்டு முடிஞ்சதும் பாஸ்டர் மைக்கை வாங்கி, "இப்படி ஒரு மகளைப் பெத்தது அந்தத் தாயோட பாக்கியம்"னு சொன்னாவ. எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாவ. நான் கையைக் கூப்பிக்கிட்டுக் கீழ பாத்தேன். மதினி டீ எடுக்கப் போயிட்டாவ.

கூட்டம் கலைஞ்ச பிறகு, டிரே கழுவுற இடத்துல போய் நின்னேன். "எப்படி இருந்துச்சு மதினி?"

"நல்லா இருந்துச்சு சுகிர்தா. அத்தை தடங்காமப் பாடுனாவ. அப்படிப் பாடணும்னுதான் அவியளுக்கு ஆசை. பாதியில நின்னுட்டா வெக்கப்படுவாவ."

இதைக் குத்தலாச் சொல்லலக்கா. அவிய குத்தலாப் பேச மாட்டாவ. நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். அந்த உதட்டைப் பாத்துட்டும், பஸ் ஏறி வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்குனேன். மறுநாள் ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன்.

மூணு மாசம் கழிச்சு மதினி கூப்புட்டாவ. அவிய போன் தண்ணித் தொட்டியில விழுந்துட்டாம். கடையில கொடுத்துப் பாத்தாச்சாம், உள்ள இருந்த எதையும் எடுக்க முடியலயாம். "போட்டோவெல்லாம் உங்க அண்ணன்கிட்ட இருக்கு. அந்தப் பாட்டு மட்டும் அவங்களுக்கு நான் அனுப்பல, நடுவுல என் குரல் கேக்குதேன்னு கூச்சமா இருந்துச்சு. உனக்கு அனுப்புன பழசு இருக்கும்லா? அதைத் திருப்பி அனுப்பி விடுதியா?"

"பாக்கேன் மதினி"ன்னேன்.

பாக்க ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல வெட்டுனதை அதே பேருல, பழசு மேலயே சேவ் பண்ணிட்டேன். போன்ல வந்ததை அன்னைக்கே அழிச்சுட்டேன். போன்ல இடம் இல்லாம இருந்துச்சு.

இடம் இல்லன்னா, சேலைக் கடைப் படம் மட்டும் நானூறு வச்சிருந்தேன் அக்கா. அதுல ஒண்ணையும் அழிக்கல.

இன்னொண்ணு உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன். அந்தப் பாட்டுல மதினி குரல் மட்டும் இல்ல. ஏழாவது இடத்துல மதினி எடுத்துக் கொடுக்காவ, அம்மாவுக்குப் பிடி கிடைக்கல. கொஞ்சம் நின்னுட்டு, சிரிக்காவ. சிரிச்சுட்டு, "மலரு, சொல்லு மலரு"ங்காவ. மூணு செகண்ட்.

பெத்த மகன் பேரு தெரியல. கட்டுன புருஷன் போட்டோவைக் காட்டுனா, "இவரு யாரு, ரொம்ப நல்லவராத் தெரியுதாரு"ன்னு சொன்ன ஆளு. என்னை "வாங்க டீச்சர்"னு சொன்ன ஆளு. மதினியை மட்டும் மலருங்காவ. அதுவும் ரெண்டு தடவை. சின்னப் பிள்ளை அம்மாவைக் கூப்புடுத மாதிரி.

ஹெட்போன் போட்டு மூணு தடவை கேட்டேன். நாலாவது தடவை கேக்கல. அந்த மூணு செகண்டை மவுசால இழுத்துப் பிடிச்சு, அழிச்சேன். முதல்ல அழிச்சது அதைத்தான் அக்கா. மத்த பத்து இடத்தையும் அதுக்கு அப்புறம்தான் வெட்டுனேன். ஒண்ணை மட்டும் வெட்டுனா வெட்டுன மாதிரி தெரியும்லா. பாட்டுக்கு இடைஞ்சல்னு எனக்கே நான் சொல்லிக்கிட்டேன். மூணு நாளும் சொல்லிக்கிட்டேன். நம்பியும் போனேன்.

போன்ல சொல்ல வரல, நேர்ல போனேன். சொல்லிரணும்னுதான் போனேன். அல்வா வாங்கிட்டுப் போனேன். மதினி சாப்பாடு எடுத்து வச்சாவ. நெத்திலிக் குழம்பு. சாப்பிட்டு முடிச்சு, "மதினி, அந்தப் பாட்டு"ன்னு ஆரம்பிச்சேன். அவிய முகத்துல அப்படி ஒரு ஆசை. என் வாயில வேற வந்துட்டு.

"கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு மதினி. இரைச்சலை எல்லாம் தானா எடுத்துரும். அதுல போட்டப்ப உங்க குரலும் சேந்து போயிட்டு. நான் முழுசாக் கேக்கக் கூட இல்ல, அது பாட்டுக்குச் செஞ்சுட்டு. பழசு கரப்ட் ஆயிட்டு."

எச்சில் தட்டை எடுத்தாவ. அப்புறம் என்னைத் தேத்துனாவ, கேட்டுக்கிடுங்க. "மெஷின் செஞ்சதுக்கு நீ என்ன செய்வ. அழாத. அத்தை பாடுனதாவது இருக்குல்லா, அது போதும்."

நான் அழுதுக்கிட்டுத்தான் இருந்தேன். அதை அவிய வேற மாதிரி எடுத்துக்கிட்டாவ.

அப்புறம் கை கழுவிட்டு வந்து, கூச்சப்பட்டுக்கிட்டே கேட்டாவ. "சுகிர்தா, நான் எடுத்துக் கொடுத்ததை மறுபடி சொன்னா, நீ அந்த இடத்துல ஒட்டித் தர முடியுமா? யாருக்கும் போட்டுக் காட்டறதுக்கு இல்ல. நான் வச்சுக்கிடத்தான்."

அம்மா கட்டில் அங்கேயேதான் கிடந்துச்சு, மெத்தை மட்டும் இல்ல. பக்கத்துல அந்த பிளாஸ்டிக் சேர். அதுல போய் உக்காந்தாவ. நான் போனை ஜன்னல்ல வச்சேன். "பாட்டைக் காதுல போட்டு விடுதேன் மதினி, அப்போதான் எங்க சொல்லணும்னு தெரியும்"னேன். வேண்டாம்னுட்டாவ. "அத்தை பாடுற வேகம் எனக்குத் தெரியும்."

கட்டிலைப் பாத்துக்கிட்டே ஆரம்பிச்சாவ. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாவ, அம்மா முதல் வரி பாடுற நேரம். அப்புறம், "'தாகத்தில்' அத்தை." மறுபடி சும்மா. ஒரு விரல் மட்டும் சேர் கைப்பிடியில தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. "'நிழலாய்' அத்தை." இப்படியே போவுது. ஏழாவது வந்துச்சு. சொன்னாவ. சொல்லிட்டு, காத்திருந்தாவ. கட்டில் பக்கமா லேசாக் குனிஞ்சாவ. முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. எதுக்குக் காத்திருக்காவன்னு எனக்குத் தெரியும். நான் ஜன்னலுக்கு வெளிய பாத்தேன். அப்புறம் அதே வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிட்டு, எட்டாவதுக்குப் போனாவ.

வீட்டுக்கு வந்து கீபோர்டை எல்லாம் எடுத்துட்டு, அவிய குரலை முழுசா ஒரே இழுப்பா அம்மா பாட்டுக்குக் கீழ வச்சேன். துண்டு போடவே இல்ல. ஒரு இடம் கூட நகத்த வேண்டி வரல அக்கா. இருபது வருஷமா இந்த வேலையைச் செய்யுதேன், இப்படி ஒண்ணு உக்காந்து பாத்ததில்ல. அம்மா விட்ட இடத்துல மதினி, மதினி விட்ட இடத்துல அம்மா. ஏழாவது இடத்துல மட்டும் ரெண்டு பேரும் இல்ல. கோடு சமமாப் படுத்துக் கிடந்துச்சு, மூணு செகண்ட். அதுக்குள்ள வைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. கீபோர்டைத் திரும்ப வைக்க மனசு வரல. அப்படியே விட்டுட்டேன்.

போன கிறிஸ்மஸ் லீவுலதான் கொண்டு போய்க் கொடுத்தேன். ஒரு வருஷம் கையிலயே வச்சிருந்தேன், உண்மையைச் சொல்லிட்டுக் கொடுப்போம், சொல்லிட்டுக் கொடுப்போம்னு. கடைசியில சும்மாதான் கொடுத்தேன். மதினி புது போன்ல போட்டு, அடுக்களையில ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே கேட்டோம். நான் தேங்காய் திருவிக்கிட்டு இருந்தேன். அவிய கையில மாவு.

ஏழாவது இடம் வந்துச்சு. சத்தம் நின்னுச்சு. மதினி மாவுக் கையாலேயே என் முழங்கையைத் தொட்டாவ.

"இந்த இடத்துல அத்தை என் பேரைச் சொல்லிக் கூப்புடுவாவ சுகிர்தா. ரெண்டு தடவை."

"அப்படியா மதினி"ன்னு கேட்டேன்.